திருகோணமலை ரயில் நிலையத்தையும் அதன் பாதையையும் ஒரே நாளில் படிப்பது எப்படி: முழுமையான வழிகாட்டி

பாடசாலைப் பிள்ளைகளையும் ஊர் இளைஞர்களையும் பல தடவை திருகோணமலை ரயில் நிலையத்துக்குக் கூட்டிப் போயிருக்கிறேன். முதல் தடவை போகிறவர்கள் எல்லாரும் ஒரே இடத்தில்தான் தடுமாறுகிறார்கள். கட்டடத்தைச் சுற்றிப் பார்ப்பார்கள், பெயர்ப்பலகைக்கு முன்னால் படம் எடுப்பார்கள், அப்புறம் "இங்கே பார்க்க ஒன்றுமில்லையே" என்று திரும்பிவிடுவார்கள். ரயில் வராத நேரத்தில் போனால் அப்படித்தான் தோன்றும். நிலையத்தின் வரலாறு அங்கே நடக்கும் வேலைக்குள் இருக்கிறது. வேலையைப் பார்த்தவனுக்குத்தான் பொருள்கள் புரியும். பொருள்கள் புரிந்தால்தான் பெரியவர்களிடம் சரியான கேள்வி கேட்க வரும்.

அதனால் இந்த வழிகாட்டியில் வரிசைதான் முக்கியம்: முதலில் வேலை, அடுத்து பொருள்கள், பிறகு பயணம், அதன்பின் மனிதர்கள், கடைசியில் தாள்கள். தயவுசெய்து வரிசையை மாற்றாதீர்கள்.

1. முதல் நாளே நேரத்தைக் கேட்டு வையுங்கள்

திருகோணமலை ஒரு முடிவிடம். இங்கே தண்டவாளம் முடிந்துவிடும், இதற்கு அப்பால் ரயில் போகாது. மாகோ சந்தியில் வடக்குப் பாதையிலிருந்து பிரிந்து வரும் கிளை, ஹபரணையைத் தாண்டிக் கல் ஓயா சந்தியில் மறுபடி இரண்டாகப் பிரிகிறது. ஒன்று பொலன்னறுவை வழியாக மட்டக்களப்புக்குப் போகிறது, மற்றது கந்தளாய் வழியாக நமக்கு வருகிறது. கொழும்பு கோட்டையிலிருந்து இங்கே ரயில் வழியாகச் சுமார் 295 கிலோமீட்டர்.

கடைசி நிலையம் என்பதால் நாள் முழுக்க ரயில் வந்து போய்க்கொண்டிருக்காது. வருவது சில வண்டிகள்தான். அவற்றைத் தவறவிட்டால் மீதி நேரமெல்லாம் வெறும் மேடை. ஆகவே முதல் நாள் மாலையே நிலையத்துக்குப் போயோ தொலைபேசியிலோ இரண்டு நேரங்களைக் கேளுங்கள். கொழும்பிலிருந்து இரவு முழுக்க ஓடிவரும் தபால் ரயில் நாளைக்குக் காலையில் எத்தனை மணிக்கு வரும்? காலையில் இங்கிருந்து புறப்படும் ரயில் எத்தனை மணிக்கு? அரசாங்கத் தகவல் மையத்தின் 1919 இலக்கத்திலும் விசாரிக்கலாம்.

இணையத்தில் கிடைக்கும் பழைய நேர அட்டவணையை நம்பிப் போகாதீர்கள். நேரங்கள் மாறுகின்றன. மழையிலோ பாதை வேலையிலோ சேவை நின்றும் போகிறது. ஒரு முறை நான் பழைய அட்டவணையை நம்பி இருபது பிள்ளைகளை விடியற்காலையில் எழுப்பிக் கூட்டிப் போய், இரண்டு மணி நேரம் வெறும் மேடையில் இருத்தி வைத்தேன். அதற்குப் பிறகு முதல் நாள் கேட்காமல் போனதே இல்லை.

தபால் ரயில் தாமதமாக வந்தால் பொறுமையாக இருங்கள். ஹபரணை, கல் ஓயா பக்கம் பாதை காட்டுக்குள் போகிறது. அங்கே யானைகள் தண்டவாளத்தைக் கடக்கும். 2025 பெப்ரவரி 20 அன்று ஹபரணைக்கும் கல் ஓயாவுக்கும் அண்மையில் மட்டக்களப்பிலிருந்து கொழும்புக்குப் போன ரயில் யானைக் கூட்டத்தில் மோதி ஆறு யானைகள் அங்கேயே இறந்தன. அந்தப் பகுதியில் வண்டி மெதுவாகத்தான் வர வேண்டும். அந்தத் தாமதம் நல்ல தாமதம்.

மாதத்தையும் பாருங்கள். ஒக்டோபர் முதல் ஜனவரி வரை நமக்கு மழைக்காலம், பாதையில் வெள்ளம் ஏறலாம். கச்சான் காற்று அடிக்கும் மாதங்களில் மழைத் தொல்லை இல்லை, ஆனால் பத்து மணிக்கே வெயில் தாங்காது. இரண்டுக்கும் ஒரே மருந்து, அதிகாலையில் போவது.

2. பையில் என்ன இருக்க வேண்டும்

அடையாள அட்டை கட்டாயம். ஆசனப் பதிவுக்கும் கேட்பார்கள், நிலையத்தில் நீங்கள் யார் என்று சொல்லவும் வேண்டும். கொப்பி, பென்சில், தண்ணீர், தொப்பி, சில்லறைக் காசு. பென்சிலை ஏன் சொல்கிறேன் என்றால், வியர்வைக் கை பட்டுப் பேனை மை கலைந்து, எழுதி வைத்த இலக்கங்கள் அழிந்துபோனதைப் பல தடவை கண்டிருக்கிறேன்.

ட்ரோன் வேண்டவே வேண்டாம். பக்கத்தில் துறைமுகம், கடற்படைத் தளம், சீனக்குடாவில் விமானப்படைத் தளம். முன் அனுமதி இல்லாமல் பறக்கவிட்டால் உங்கள் நாள் பொலிஸ் நிலையத்தில் முடியும். கமராவுக்கு முக்காலி கொண்டுபோனாலும் பார்க்கிறவர்கள் உங்களை வேறு விதமாக நினைப்பார்கள். தொலைபேசியே போதும்.

3. உள்ளே போனதும் முதலில் நிலைய அதிபரிடம்

நிலையம் நகரின் வடமேற்குப் பக்கமாக இருக்கிறது. பஸ் நிலையத்திலிருந்து ஓட்டோவில் சில நிமிடம். "ரயில் ஸ்டேஷன்" என்றாலே போதும், "கோச்சி ஸ்டேஷனா?" என்று திருப்பிக் கேட்கும் வயதான ஓட்டோக்காரர் அகப்பட்டால் அவரிடம் கொஞ்சம் பேச்சுக் கொடுத்துக்கொண்டே போங்கள். அந்தச் சொல்லைப் புழங்கும் தலைமுறைக்கு இந்தப் பாதையைப் பற்றி நிறையத் தெரியும்.

போனதும் படம் எடுக்கத் தொடங்காதீர்கள். நேரே நிலைய அதிபரின் அறைக்குப் போங்கள், ஆனால் ரயில் வரும் நேரத்துக்கு அரை மணிக்கு முன்பே போய்விட வேண்டும். ரயில் நெருங்கிவிட்டால் அவர் கருவிக்கும் தொலைபேசிக்கும் இடையில் நிற்பார். அந்த வேளையில் கேட்டால், எவ்வளவு நல்ல மனிதராக இருந்தாலும் "பிறகு வாங்க" என்றுதான் சொல்வார். நீங்களும் மனம் சோர்ந்துவிடுவீர்கள்.

எப்படிக் கேட்பது? நான் பிள்ளைகளுக்குச் சொல்லிக் கொடுப்பது இது: "சேர், நாங்க இந்த ஊர் ஆக்கள். ஸ்டேஷன்ட வேலை எப்படி நடக்குதெண்டு பாத்து எழுத வந்திருக்கிறம். மேடையில எங்க நிண்டா உங்களுக்குக் கரைச்சல் இல்லை?" கடைசிக் கேள்விதான் முக்கியம். "படம் எடுக்கலாமா" என்று கேட்டால் அவர் விதிமுறையை நினைப்பார். "எங்கே நிற்கட்டும்" என்று கேட்டால் உங்களுக்கு ஓர் இடம் காட்டுவார். படத்துக்கான அனுமதியை அதற்குப் பிறகு கேளுங்கள். எதை எடுக்கலாம், எதை எடுக்கக் கூடாது என்பதை அவரே சொல்லட்டும், அதை அப்படியே மதியுங்கள். கடமையில் இருப்பவருக்குச் சிங்களம்தான் வசதி என்றால், சிங்களம் தெரிந்த ஒருவரை உடன் வைத்துக்கொள்வது நல்லது.

தண்டவாளத்தில் இறங்காதீர்கள். பாதையில் நடப்பது சட்டப்படி குற்றம். அதைவிட, ஒரு ஆள் இறங்கினாலே அங்கே உங்கள் எல்லாருக்கும் கதவு சாத்தப்பட்டுவிடும். கூட்டமாகப் போகிறவர்கள் இதை வாசலிலேயே சொல்லி வைக்க வேண்டும்.

4. ஒரு ரயிலை முழுதாகப் பாருங்கள்

இந்த வழிகாட்டியில் ஒரே ஒரு பகுதியைத்தான் செய்ய முடியும் என்றால் இதைச் செய்யுங்கள். ஒரு ரயில் வருவதற்கு முன்னாலிருந்து, அதை அடுத்த பயணத்துக்கு ஆயத்தப்படுத்தும் வரைக்கும் ஒரே இடத்தில் நின்று பாருங்கள். புதியவர்கள் ரயில் நின்றதும் கூட்டத்தோடு வெளியே வந்துவிடுகிறார்கள். முடிவிடத்தில் உண்மையான வேலை கூட்டம் போன பிறகுதான் தொடங்குகிறது.

வருவதற்கு முன்: கைகாட்டியைக் கவனியுங்கள். கம்பத்தில் கை கிடையாக நின்றால் நில் என்று அர்த்தம். கை சாய்ந்ததும் நேரத்தைக் குறியுங்கள். ரயில் மேடைக்கு வரும் நேரத்தையும் குறியுங்கள். இரண்டுக்கும் நடுவில் இருக்கும் நிமிடங்கள், நிலையத்தில் இருப்பவர் எவ்வளவு முன்கூட்டி வேலை செய்ய வேண்டியிருக்கிறது என்பதைச் சொல்லும்.

வந்து நின்றதும்: எல்லாரும் பயணிகளைப் பார்ப்பார்கள், நீங்கள் எஞ்சினுக்குப் பக்கத்தில் நில்லுங்கள். சாரதி கையிலிருந்து ஒரு பெரிய வளையம் இறங்கும். அதைப் பற்றி அடுத்த பகுதியில் விரிவாகச் சொல்கிறேன்.

கூட்டம் வெளியேறியதும்: வந்திருப்பது எஞ்சின் பூட்டிய வண்டியா, பவர் செட்டா என்று பாருங்கள். பவர் செட் என்றால் இரண்டு பக்கமும் ஓட்டும் அறை உண்டு. சாரதி ஒரு முனையிலிருந்து மறு முனைக்கு நடந்து போவார், வேலை முடிந்தது. எஞ்சின் பூட்டிய வண்டி என்றால் அப்படி முடியாது. இங்கே தண்டவாளம் முடிந்துவிட்டதால் எஞ்சின் சுவர்ப் பக்கம் மாட்டிக்கொண்டு நிற்கும். அதைக் கழற்றி, பக்கத்துப் பாதை வழியாகப் பெட்டிகளைத் தாண்டிக் கொண்டுபோய், மறு முனையில் பூட்ட வேண்டும். இதுதான் ஷன்டிங்.

இதைப் பார்த்தால் ஒரு விஷயம் உடனே புரியும். ஒரு சின்ன ஊர் நிலையத்துக்கு ஏன் இத்தனை தண்டவாளங்கள், இவ்வளவு நீளமான முற்றம்? எஞ்சின் சுற்றி வர ஒரு பாதை வேண்டும், பெட்டிகள் இரவுவரை நிற்க ஒரு பாதை வேண்டும், சரக்குக்கு வேறு பாதை வேண்டும். பிள்ளைகளை நான் இந்த நேரத்தில்தான் வரைபடம் வரையச் சொல்வேன். எஞ்சின் போன வழியைப் பென்சிலால் பின்தொடர்ந்தாலே முற்றத்தின் அமைப்பு தாளில் வந்துவிடும். முதலில் வரைபடத்தை வரைந்துவிட்டு, எஞ்சின் எங்கே போகும் என்று யோசித்தவர்கள் எல்லாரும் ஒரு பாதையாவது விட்டுவிட்டார்கள்.

எஞ்சினின் பக்கத்தில் எழுதியிருக்கும் வகையையும் இலக்கத்தையும் குறித்துக்கொள்ளுங்கள். இலங்கை ரயில்வேயில் எம் என்ற எழுத்தோடு தொடங்குவது டீசல் எஞ்சின் வகை. எம் 2 வந்தால் நின்று நிதானமாகப் பாருங்கள். 1954 முதல், கொழும்புத் திட்டம் என்னும் பல நாட்டு உதவித் திட்டத்தின் கீழ் கனடாவிலிருந்து வந்த வகை அது. கனடாவின் மாகாணங்களின் பெயர்களை அந்த எஞ்சின்களில் பலவற்றுக்கு வைத்தார்கள், பெயர்ப்பலகை பக்கவாட்டில் இருக்கும். பெட்டிகளின் முனையிலோ பக்கத்திலோ கட்டிய இடம் பொறித்த தகடு இருந்தால் அதையும் எழுதுங்கள். சென்னை ஐ.சி.எஃப். தொழிற்சாலையில் கட்டிய பெட்டிகளும் நம் நாட்டில் ஓடுகின்றன. இது முடிகிறது என்றால் காரணம் தண்டவாள இடைவெளி. இந்தியாவின் அகலப் பாதையும் நம்முடையதும் ஒன்றே, 1676 மில்லிமீட்டர்.

5. டோக்கனை விளங்கிக்கொள்ளுங்கள்

இது ஒற்றைப் பாதை. போகிற வண்டிக்கும் வருகிற வண்டிக்கும் ஒரே தண்டவாளம். அப்படியென்றால் இரண்டு வண்டிகள் நேருக்கு நேர் வராமல் எப்படிப் பார்த்துக்கொள்கிறார்கள்? பிள்ளைகள் கேட்கும் கேள்விகளில் எனக்கு மிகவும் பிடித்தது இதுதான். விடை அந்த வளையத்தில் தொங்கும் பைக்குள் இருக்கிறது.

பைக்குள் இருப்பது டேப்லட் என்னும் உலோக வில்லை, டோக்கன் என்பதும் இதைத்தான். எந்த இரண்டு நிலையங்களுக்கு இடைப்பட்ட துண்டுக்கு அது செல்லும் என்பது அதில் பொறித்திருக்கும். அந்த வில்லை கையில் இல்லாமல் எந்தச் சாரதியும் அந்தத் துண்டுக்குள் நுழையக் கூடாது. துண்டின் இரண்டு முனை நிலையங்களிலும் ஒவ்வொரு கருவி உண்டு, இரண்டும் கம்பியால் இணைந்தவை. இங்கே உள்ளவர் மணி அடித்துக் கேட்பார், அங்கே உள்ளவர் சம்மதித்து மறுமொழி கொடுத்தால்தான் இங்கே ஒரு வில்லை வெளியே வரும். ஒன்று வெளியே வந்துவிட்டால் இரண்டு கருவிகளும் பூட்டிக்கொள்ளும். அந்த வில்லையை எந்த முனையிலாவது திரும்பப் போடும் வரை இன்னொன்று எடுக்க முடியாது. ஆகவே ஒரு நேரத்தில் ஒரு வண்டிதான்.

பையை ஏன் இவ்வளவு பெரிய வளையத்தில் மாட்டியிருக்கிறார்கள்? நில்லாமல் மெதுவாகப் போகும் எஞ்சினிலிருந்து நீட்டிய கையில் அந்த வளையத்தைக் கோத்துக் கொடுக்கவும் வாங்கவும் முடியும். அதற்காகத்தான்.

மூன்று குறிப்புகள். ஒன்று, கருவி இருக்கும் அறைக்குள் அழைக்காமல் போகாதீர்கள், அழைத்தாலும் தொடாதீர்கள். இரண்டு, மணிச் சத்தத்தை எண்ணுங்கள். எத்தனை தடவை அடிக்கிறது என்பதற்கு அர்த்தம் உண்டு, ரயில் போன பிறகு கேட்டால் சொல்லுவார்கள். மூன்று, திருகோணமலை முடிவிடம் என்பதால் இங்கே பாதி வேலைதான் தெரியும். வரும் வண்டி டோக்கனைக் கொடுக்கும், போகும் வண்டி வாங்கும். ஒரே நேரத்தில் ஒன்றைக் கொடுத்து இன்னொன்றை வாங்குவதைப் பார்க்க நடுவழி நிலையத்துக்குப் போக வேண்டும். அதற்காகத்தான் 7-ஆவது பகுதியில் ரயில் ஏறப் போகிறோம்.

6. இப்போது பொருள்களைப் பாருங்கள்

வேலையைப் பார்த்தாயிற்று. இனி மேடையில் மெதுவாக நடங்கள்.

முதலில் தேட வேண்டியது சி.ஜி.ஆர். என்ற மூன்று ஆங்கில எழுத்துகள். சிலோன் கவர்ன்மென்ட் ரயில்வே என்பதன் சுருக்கம். 1972-இல் நாட்டின் பெயர் ஸ்ரீ லங்கா ஆனது. ஆகவே வார்ப்பிரும்பிலோ மரத்திலோ இந்த எழுத்துகள் செதுக்கியோ வார்த்தோ இருந்தால், அந்தப் பொருள் பெரும்பாலும் அதற்கு முந்தையது. வாங்கு, தராசு, நெம்புகோல், இரும்புப் பெட்டி, சுவர்க்கடிகாரம் என்று எதிலும் இருக்கலாம். வண்ணம் பூசி எழுதிய எழுத்தை மட்டும் கணக்கில் எடுக்காதீர்கள். வண்ணத்தை யாரும் எப்போதும் பூசலாம்.

அடுத்தது தண்டவாளம். மேடையின் விளிம்பில் மஞ்சள் கோட்டுக்கு இந்தப் பக்கம் நின்றபடியே, எதிர்ப்புறத் தண்டவாளத்தின் பக்கவாட்டைப் பாருங்கள். உருக்காலையின் பெயரும் ஆண்டும் புடைத்த எழுத்தில் இருக்கும். காலை வெயில் சாய்வாக விழும்போதுதான் நன்றாகத் தெரியும், உச்சி வெயிலில் ஒன்றும் வாசிக்க முடியாது.

இங்கேதான் நான் ஒரு பெரிய பிழை விட்டேன். பக்கத்துப் பாதையொன்றில் ஓர் ஆண்டைக் கண்டு, "இந்தப் பாதை போட்ட ஆண்டு" என்று பாடசாலைச் சுவர்ப் பத்திரிகையில் எழுதவிட்டேன். பாதையில் வேலை செய்து ஓய்வு பெற்ற ஒருவர் அதை வாசித்துவிட்டு வந்து பொறுமையாக விளக்கினார். தேய்ந்த தண்டவாளத்தை முக்கியப் பாதையிலிருந்து கழற்றி, வேகம் குறைந்த பக்கப் பாதைகளில் போடுவது வழக்கம். அது வேறு ஏதோ ஊரில் பல ஆண்டு கிடந்துவிட்டு இங்கே வந்திருக்கலாம். தண்டவாளத்தின் ஆண்டு, தண்டவாளத்தின் ஆண்டு மட்டுமே. இதைக் கொப்பியின் முதல் பக்கத்திலேயே எழுதி வையுங்கள்.

தண்டவாளத்துக்குக் கீழே குறுக்காகக் கிடக்கும் சிலிப்பர் கட்டைகளையும் பாருங்கள். மரமா, கொங்கிரீட்டா? பெயர்ப்பலகையில் மும்மொழியும் எந்த வரிசையில் இருக்கிறது, வேறு ஏதாவது விவரம் எழுதியிருக்கிறதா? டிக்கட் வாங்கும்போது அது தடித்த அட்டையா, அச்சு இயந்திரத் தாளா? அட்டை டிக்கட் கிடைத்தால் பத்திரப்படுத்துங்கள். ஆனால் இறங்கும் நிலையத்தில் திருப்பிக் கேட்பார்கள், ஆகவே ஏறியதுமே இரண்டு பக்கமும் படம் எடுத்து வையுங்கள்.

7. ரயிலில் ஏறிக் கந்தளாய் வரைக்கும் போங்கள்

இங்கிருந்து புறப்பட்டால் வரிசை இதுதான்: சீனக்குடா, தம்பலகாமம், முள்ளிப்பொத்தானை, கந்தளாவ, கந்தளாய், அக்போபுர, கல் ஓயா சந்தி. எல்லா வண்டியும் எல்லா நிலையத்திலும் நிற்காது, டிக்கட் வாங்கும்போதே கேட்டுவிடுங்கள். ஒரு நாளில் முடிக்கக் கந்தளாய் அளவானது. அங்கிருந்து திரும்பி வர ரயிலுக்குக் காத்திருக்க வேண்டாம். கந்தளாய், திருகோணமலை இரண்டும் ஏ 6 வீதியில் இருக்கின்றன, இடையில் சுமார் 40 கிலோமீட்டர். கொழும்பிலிருந்து வரும் 49 இலக்க பஸ்ஸும் அந்த வழியேதான் வருகிறது. ரயிலில் போய் பஸ்ஸில் திரும்பு என்று நான் சொல்வதற்குக் காரணம், திரும்பும் ரயிலை நம்பியவர்கள் பலர் இருட்டிய பிறகும் கந்தளாயில் நின்றிருக்கிறார்கள்.

மூன்றாம் வகுப்பில் ஏறுங்கள். ஜன்னல் திறந்திருக்கும், ஊர் ஆட்கள் பேசுவார்கள். திருகோணமலையை விட்டுப் போகும்போது இடது பக்கம் உட்காருங்கள். துறைமுகத்தின் உள்குடாக்கள் அந்தப் பக்கம்தான்.

சீனக்குடாவில் கவனமாக இருங்கள். பாதை இங்கே வந்ததன் காரணம் துறைமுகம் என்பதைச் சீனக்குடாவைப் பார்த்தால் சொல்லாமலே விளங்கும். பிரித்தானியர் காலத்து எண்ணெய்த் தாங்கிகள் 99 இன்னும் காட்டுக்குள் நிற்கின்றன. 1942 ஏப்ரல் 9 அன்று ஜப்பானிய விமானங்கள் துறைமுகத்தையும் சீனக்குடா விமானத்தளத்தையும் தாக்கியபோது ஒரு தாங்கி எரிந்து அழிந்தது. கோதுமை மா ஆலையும் இங்கேதான். எண்ணெய்க்கும் மாவுக்கும் சரக்குப் பெட்டிகள் வேண்டும், ஆகவே பக்கப் பாதைகள் எங்கே பிரிந்து எந்தத் திசையில் போகின்றன என்பதை ஜன்னலால் பார்த்துக் குறியுங்கள். குறிப்பு போதும், படம் வேண்டாம். இது பாதுகாப்பு நிறைந்த பகுதி. இறங்கி நடந்து பார்ப்போம் என்ற எண்ணமும் வேண்டாம்.

வண்டி நடுவழி நிலையத்துக்குள் நுழையும்போது, முன் பெட்டியில் இருந்தால், எஞ்சின் பக்கம் எட்டிப் பார்க்காமலே டோக்கன் கைமாறுவதைக் காணலாம். மேடையில் நிலைய ஊழியர் ஒரு கையில் வளையத்தோடு நிற்பார். தலையையும் கையையும் வெளியே நீட்டாதீர்கள், கம்பங்கள் கிட்டத்தில் நிற்கின்றன.

தம்பலகாமத்தில் வயல் தொடங்கும். அறுவடைக்கு முன் போனால் இரண்டு பக்கமும் பச்சை. அங்கே இறங்கி ஆதிகோணநாயகர் கோயிலுக்குப் போக வேண்டும் என்று யாராவது கேட்பார்கள். போகலாம், ஆனால் அந்த நாளை அதற்கென்று தனியாக வையுங்கள். இரண்டையும் கலந்தால் இரண்டும் அரைகுறையாகும்.

8. பெரியவர்களிடம் கேட்பது

இது இரண்டாவது கடினமான வேலை. முதல் கடினம் டோக்கனை விளங்குவது.

ரயில்வேயில் வேலை செய்து ஓய்வு பெற்றவர்கள், நிலையத்துக்குப் பக்கத்தில் தேநீர்க்கடை வைத்திருந்தவர்கள், மீனும் வெங்காயமும் ரயிலில் ஏற்றி அனுப்பியவர்கள், கொழும்பில் படித்துவிட்டு விடுமுறைக்குத் தபால் ரயிலில் வந்தவர்கள். இப்படி ஒரு இரண்டு மூன்று பேராவது ஒவ்வொரு தெருவிலும் இருப்பார்கள்.

"ஐயா, ஸ்டேஷன்ட வரலாற்றைச் சொல்லுங்க" என்று கேட்காதீர்கள். அப்படிக் கேட்டால் அவர் எங்கோ வாசித்ததைச் சொல்வார், அல்லது "எனக்கு அதெல்லாம் தெரியாது மகன்" என்பார். அவர் கண்டதுதான் நமக்கு வேண்டும். நீங்கள் காலையில் பார்த்த வேலையிலிருந்து தொடங்குங்கள். "இண்டைக்குக் காலையில எஞ்சினைக் கழட்டிச் சுத்திக் கொண்டு வந்து பூட்டினதப் பாத்தம் ஐயா. உங்கட காலத்திலயும் அப்பிடித்தானா?" இந்த ஒரு கேள்விக்கு அரை மணி நேரம் பேசியவரைப் பார்த்திருக்கிறேன். வேலை செய்த மனிதருக்கு, தன் வேலையைப் பார்த்துவிட்டு வந்து கேட்கும் ஆளைப் பிடிக்கும்.

ஆண்டைக் கேட்காதீர்கள், அடையாளத்தைக் கேளுங்கள். "எந்த வருஷம்?" என்றால் நினைவு தடுமாறும். "கலியாணத்துக்கு முதலா, பிறகா?", "78 சூறாவளிக்கு முதலா?", "கந்தளாய்க் குளம் உடைஞ்சதுக்குப் பிறகா?" என்று கேளுங்கள். சூறாவளி 1978 நவம்பர், கந்தளாய்க் குளம் உடைந்தது 1986 ஏப்ரல். இந்த இரண்டையும் நம் பகுதியில் அனுபவித்தவர்கள் மறக்க மாட்டார்கள். ஆண்டை நீங்கள் வீட்டில் கணக்கிட்டுக்கொள்ளலாம்.

கலவரக் காலத்தையும் யுத்தக் காலத்தையும் நீங்களாகத் தோண்டாதீர்கள். இந்தப் பாதையில் போய்த் திரும்பி வராதவர்களை நினைத்துக்கொண்டிருக்கும் வீடுகள் உண்டு. அவராகச் சொன்னால் பேசாமல் கேளுங்கள், ஒலிப்பதிவை நிறுத்தட்டுமா என்று கேளுங்கள். பிள்ளைகளைக் கூட்டிப் போகிறவர்கள் இதைக் கட்டாயம் முன்கூட்டிச் சொல்லிக் கொடுக்க வேண்டும்.

9. கடைசியில் தாள்கள்

முதலில் புத்தகம் தேடிப் போகிறவர்களுக்கு எது தேவை, எது தேவையில்லை என்று தெரியாது. இப்போது உங்களுக்குத் தெரியும். கொப்பியில் விடை கிடைக்காத கேள்விகளுக்கு மட்டும் அடிக்கோடிடுங்கள், அவற்றோடு மட்டும் போங்கள்.

திறப்பு ஆண்டு பற்றி ஓர் எச்சரிக்கை. கொழும்பிலிருந்து அம்பேபுஸ்ஸைக்கு நாட்டின் முதல் ரயில் ஓடியது 1864 டிசம்பர் 27. நமது கிழக்குப் பாதைகள் அதற்கு அறுபது ஆண்டுக்கு மேல் பிந்தியவை, 1920-களின் கடைசியில் திறந்தவை. திருகோணமலைக்கு 1927 என்று எழுதுபவர்களும் உண்டு, 1928 என்று எழுதுபவர்களும் உண்டு. ஒன்றைப் பிடித்துக்கொண்டு மற்றவரைப் பிழை என்று சொல்லாதீர்கள். ஒரு பாதையில் சரக்கு ஓடிய நாள் வேறு, பயணிகள் ஏறிய நாள் வேறு, முழுக்கிளையும் முடிந்த நாள் வேறாக இருக்கலாம். எந்த ஆண்டை எழுதினாலும் எதைத் திறந்த ஆண்டு, எங்கே வாசித்தது என்று பக்கத்திலேயே எழுதுங்கள்.

கொழும்பு 7-இல் உள்ள தேசிய சுவடிகள் திணைக்களத்தில் பிரித்தானியர் காலத்து நிர்வாக அறிக்கைகள் இருக்கின்றன. ரயில்வே பொது முகாமையாளரின் ஆண்டறிக்கையும் அவற்றில் ஒன்று. நில அளவைத் திணைக்களத்தின் ஒரு மைலுக்கு ஓர் அங்குல வரைபடத் தாள்களில் பழைய பதிப்பையும் புதிய பதிப்பையும் பக்கத்தில் வைத்துப் பார்த்தால், எந்தப் பக்கப் பாதை பிறகு வந்தது, எது காணாமற் போனது என்பது கண்ணுக்குத் தெரியும். சீனக்குடாவில் ஜன்னலால் குறித்தீர்களே, அதை இங்கே ஒப்பிடுங்கள். டோக்கன் கருவியைக் கிட்டத்தில் நின்று பார்க்க ஆசைப்படுபவர்கள் கடுகண்ணாவையில் 2014 டிசம்பர் 27-இல் திறந்த தேசிய ரயில்வே அருங்காட்சியகத்துக்குப் போகலாம்.

10. நிலையத்துக்குப் போன அன்றிரவே எழுதுங்கள்

நாளைக்கு எழுதலாம் என்று விட்டவர்களின் கொப்பி அப்படியே கிடப்பதைத்தான் கண்டிருக்கிறேன். ஷன்டிங் வரைபடத்தை நல்ல தாளில் திரும்ப வரையுங்கள். நேரில் பார்த்ததற்கு ஒரு நிறம், ஒருவர் சொன்னதற்கு வேறு நிறம், வாசித்ததற்கு இன்னொரு நிறம் என்று பிரித்து எழுதுங்கள். ஐந்து வருடம் கழித்து யாராவது உங்கள் குறிப்பை எடுத்தால், எதை நம்பலாம், எதைத் திரும்பச் சரிபார்க்க வேண்டும் என்று அவருக்குத் தெரியும்.

ஒரு பிரதியை நிலைய அதிபருக்குக் கொண்டுபோய்க் கொடுங்கள். பேசிய பெரியவருக்கும் ஒன்று, எழுத்துப் பெரிதாக இருக்கட்டும். போன வருடம் ஒரு பிள்ளை வரைந்த முற்றத்து வரைபடத்தை நிலையத்தில் கொடுத்தோம். அங்கிருந்தவர் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு கொஞ்ச நேரம் பார்த்தார், பென்சிலை வாங்கினார், நாங்கள் விட்டுவிட்டிருந்த ஒரு பக்கப் பாதையைத் தன் கையாலேயே வரைந்து கொடுத்தார்.